ஸ்கேனுக்குப் பின் என்ன முடிவு? மருத்துவரிடம் கேள்வி பதில்

உட்லண்ட்ஸ் வாசகி: பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பித்தப்பையில் கல் இருப்பதாகத் தெரிந்தது. வலி எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை தேவையா?

பதில்: வலி தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். கல்லைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ளவற்றையே நாங்கள் கூர்ந்து பார்க்கிறோம். பித்தப்பையின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அருகில் நீர் கோத்து, கருவியால் அவ்விடத்தை அழுத்தும்போது நீங்கள் வலியில் துடித்தால் அது அழற்சியின் அறிகுறி. அப்போது முடிவு முற்றிலும் மாறும்.

அதே வாசகி: வெறும் வயிற்றோடு வரச் சொன்னது ஏன்?

பதில்: சாப்பிட்டவுடன் பித்தப்பை சுருங்கிவிடும்; ஸ்கேனில் தெளிவாகத் தெரியாது. காலையில் தே தாரிக் மட்டும்தானே என்று குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதிலுள்ள பாலின் கொழுப்பே போதும்.

தோ பாயோ வாசகர்: நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் தந்தையின் ஒரு கால் வீங்கியது. ஸ்கேன் எடுத்தவர் தொடையை அழுத்திக்கொண்டே இருந்தார். படம் எடுக்க அழுத்துவானேன்?

பதில்: அந்த அழுத்தம்தான் பரிசோதனையே. நல்ல நிலையிலுள்ள சிரை, மேலிருந்து அழுத்தினால் தட்டையாகிவிடும். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் தட்டையாகாது. கட்டி உறுதியானால், அது நுரையீரலுக்குச் சென்று அடைத்துவிடாதிருக்க, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைப் பொதுவாக உடனே தொடங்குவோம். ஆனால் அம்மருந்தால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பதால், வீங்கிய எல்லாக் கால்களுக்கும் அதை எழுதித் தர இயலாது. தொடையும் முழங்காலும் மட்டுமே பார்க்கப்பட்டு, கட்டி தென்படாமல், சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்வதுண்டு. கெண்டைக்காலில் உள்ள கட்டி அதற்குள் மேலே வளர்ந்திருக்கக்கூடும். இடையில் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் காத்திருக்காமல் 995-ஐ அழையுங்கள்.

தெம்பனிஸ் வாசகி: தைராய்டில் 8 மில்லிமீட்டர் கட்டி. ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க மருத்துவர் மறுக்கிறார். அலட்சியமா?

பதில்: இல்லை. 1 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிக்கு, தோற்றம் சற்றுச் சந்தேகமாக இருந்தாலும், பொதுவாக ஊசிப் பரிசோதனை செய்வதில்லை. சிறு கட்டிகளுள் புற்றுநோயாக இருப்பவைகூட மிக மெதுவாகவே வளர்கின்றன. ஆயினும் கழுத்தில் நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றனவா என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதா எனக் கேளுங்கள். அந்த ஒரு வரி, காத்திருக்கும் முடிவையே மாற்றிவிடலாம்.