டோக்கன் கொடுத்த பிறகு: வீடு வாங்குவோர், விற்போர் கேள்விகள்

மூன்று சென்ட் மனையில் 1,200 சதுர அடி வீடு. கட்டி 18 ஆண்டுகள். பளிங்குத் தரை, தேக்கு நிலை என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. எங்கள் தெருவில் சென்ட் 12 லட்சத்துக்குப் போகிறது. 68 லட்சம் சொல்லி ஐந்து மாதம் ஆயிற்று. வருகிறவர்கள் எல்லாரும் 55 என்றே கேட்கிறார்கள். தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்களா?
— வாசகர், மதுரை

யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் ஒரே கணக்கைப் போடுகிறார்கள். நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மனைக்கு 36 லட்சம். கட்டுமானச் செலவு இன்று சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 1,200 சதுர அடிக்கு 26.40 லட்சம். இது புது வீட்டுக்கான செலவு. வங்கியின் மதிப்பீட்டாளர் பொதுவாகக் கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள் என்று வைத்து, கடைசியில் 10 விழுக்காடு மிச்ச மதிப்பு விட்டு, மீதி 90 விழுக்காட்டை 60 ஆண்டுக்குப் பிரித்துக் கழிப்பார். உங்கள் வீட்டின் 18 ஆண்டுக்கு 27 விழுக்காடு தேய்மானம். 7.13 லட்சம் கழிய, கட்டடத்துக்கு நிற்பது 19.27 லட்சம். மனையோடு சேர்த்தால் 55.27 லட்சம். கடன் வாங்கி வாங்குகிறவர் இந்த எண்ணைத் தாண்டிப் போவது கடினம். வங்கி தாண்டாது.

பளிங்குக்கும் தேக்குக்கும் நீங்கள் செலவழித்தது உண்மை. ஆனால் வாங்க வருகிறவர் கண் போவது மொட்டைமாடி ஒழுகலுக்கும் குளியலறைச் சுவரின் ஈரக்கசிவுக்கும்தான். விற்பவர் மனம் தான் போட்ட பணத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுப்பது உலகெங்கும் உள்ள இயல்பு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990-களில் அடுக்ககங்களின் விலை விழுந்திருந்தபோது நடந்த விற்பனைகளை டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக விலை சொன்னார்கள், விற்கக் கூடுதல் காலமும் பிடித்தது. கொஞ்சம் அதிக விலை கிடைத்ததும் உண்டு. ஆகவே காத்திருக்க வசதி இருந்தால் காத்திருப்பதில் தவறில்லை. மகள் திருமணம், கடன் தவணை என்று தேதி நெருக்கினால் அது கட்டுப்படியாகாது.

விலையை ஒரே தடவையில் 58 லட்சத்துக்கு இறக்குங்கள். நம் ஊரில் பேரம் பேசிக் குறைக்காமல் யாரும் முடிப்பதில்லை என்பதால் இரண்டு, மூன்று லட்சம் இடைவெளி போதும். மாதம் ஒரு லட்சமாகக் குறைத்துக்கொண்டே போனால், ‘இன்னும் இறங்குவார், பொறுப்போம்’ என்று எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள். தரகர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும் ஒரே விலை சொல்லுங்கள். ஒருவரிடம் 60, இன்னொருவரிடம் 57 என்று சொன்னது இரண்டே நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். செலவு செய்வதானால் மாடி ஒழுகலையும் கசிவையும் நிறுத்துங்கள். தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய பத்திரம்), பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), வரைபட அனுமதி, சொத்துவரி ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். கேட்டவுடன் கோப்பு கைக்கு வந்தால் வாங்குபவரின் சந்தேகம் பாதி குறையும், பேரமும் தளரும்.

60 லட்சத்துக்கு விலை படிந்து, ஒரு லட்சம் டோக்கன் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது வேறொருவர் மூன்று லட்சம் கூடுதலாகத் தருகிறார் என்று தரகர் சொல்கிறார். என்ன செய்வது?
— வாசகி, திருச்சி

முதலில் இன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். ‘இன்ன தேதியில், இன்ன முகவரி வீட்டுக்கு, 60 லட்சம் விலை பேசி, ஒரு லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். அக்ரிமெண்ட் என்றைக்கு எழுதலாம்?’ என்று பணிவாகக் கேட்டால் போதும். அவர் ‘சரி’ என்றோ ‘பேசலாம்’ என்றோ பதில் போட்டாலே உங்கள் கையில் ஓர் ஆதாரம் வந்துவிடும்.

அடுத்தது அந்த மூன்று லட்சம். அது உண்மையாகவும் இருக்கலாம், உங்களை உசுப்புவதற்காகவும் இருக்கலாம். தரகரை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் நேரில், ‘நாளையே அக்ரிமெண்ட், ஆறு லட்சம் முன்பணம் வங்கி வழியாக’ என்று சொல்லுங்கள். வேறு ஆள் இல்லாதவர் இரண்டு நாளுக்குள் சம்மதிப்பார். உண்மையிலேயே ஆள் இருந்து அவர் மனம் மாறியிருந்தால், ரசீதில்லாத டோக்கனை வைத்து நீங்கள் பெரிதாகப் போராட முடியாது. டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகுவதே நல்லது.

ரொக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அசையாச் சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் ரொக்கத்தை வாங்கிய விற்பவர்மீது, வாங்கிய தொகைக்குச் சமமாக. இதை எடுத்துச் சொன்னாலே பலர் வங்கி வழிக்கு வந்துவிடுவார்கள்.

அக்ரிமெண்ட் என்கிற கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். பதிவுக் கட்டணம் முன்பணத்தில் 1 விழுக்காடு. ஆறு லட்சத்துக்கு 6,000 ரூபாய். முத்திரைத் தீர்வை சொற்பம். இருந்தும் விற்பவர்கள் தயங்குகிறார்கள், அதற்குக் காரணமும் நியாயமானதே: பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வாங்குபவர் பின்வாங்கினால் இருவரும் வந்து ரத்துப் பத்திரம் பதிந்தால்தான் சொத்து சுத்தமாகும். அதுவரை வேறு யாரும் தொடமாட்டார்கள். இந்தப் பயத்தைப் போக்க, காலக்கெடுவை 90 நாளாகச் சுருக்குங்கள். நீங்கள் பின்வாங்கினால் இத்தனை நாளுக்குள் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வரிதான்: பத்திரக் குறை காரணமாக வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுவதும் 15 நாளுக்குள் திரும்ப வேண்டும் என்பது. இது இல்லாவிட்டால், தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசு விடுபட்டிருக்கிறது என்று வங்கி வக்கீல் சொல்லும் நாளில், ‘கெடு தாண்டிவிட்டது, அட்வான்ஸ் கிடையாது’ என்று விற்பவர் சொல்வார். கூடவே எந்த அசல் ஆவணங்களை என்றைக்குள் காட்டுவது, விற்பவர் பின்வாங்கினால் எவ்வளவு திருப்பித் தருவது, நீங்கள் பின்வாங்கினால் எவ்வளவு இழப்பது என்பதையும் தொகையாகவே எழுதுங்கள்.

கெடு நெருங்கும்போது இரு தரப்பும் வாயை மூடிக்கொள்வது ஒரு கெட்ட பழக்கம். ‘அவர் கூப்பிடட்டும்’ என்று இவர் இருப்பார், ‘இவர் பணம் புரட்டவில்லை போலும்’ என்று அவர் நினைப்பார். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட, குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வாங்குபவர் தொடக்கம் முதலே பணத்தோடு தயாராக இருந்தாரா என்று நீதிமன்றம் கேட்கும். ஆகவே கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாக, ‘பணம் தயார், பதிவுக்கு நாள் சொல்லுங்கள்’ என்று விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கடன் ஒப்புதல் கடிதத்தையும் வங்கிக் கணக்குப் பட்டியலையும் பத்திரமாக வையுங்கள்.

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 42 லட்சம், பேசிய விலை 60 லட்சம். 42-க்குப் பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள், உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம் என்கிறார் விற்பவர்.
— வாசகர், கோயம்புத்தூர்

மிச்சத்தைக் கணக்கிடுவோம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. 18 லட்சத்துக்கு 1.62 லட்சம் மிச்சமாகும்.

இப்போது இழப்பு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 விழுக்காடுதான் ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. 60 லட்சத்துக்குப் பதிந்தால் 48 லட்சம் வரை கடன் கிடைக்க வழியுண்டு. 42 லட்சத்துக்குப் பதிந்தால் 33.60 லட்சம். 14.40 லட்சத்தை வெளியில் புரட்டுவீர்கள், வட்டி என்னவென்று உங்களுக்கே தெரியும். பின்னால் நீங்கள் விற்கும்போது உங்கள் கொள்முதல் விலை 42 லட்சம்தான். இல்லாத லாபமாக 18 லட்சம் கூடும், நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடு என்றால் 2.25 லட்சம். விற்பவர் பின்னால் பதிவை மறுத்தாலோ, பத்திரத்தில் குறை வந்தாலோ, அந்த 18 லட்சத்துக்குச் சாட்சி எதுவும் இல்லை.

லாபம் முழுவதும் அவருக்கு, ஆபத்து முழுவதும் உங்களுக்கு. மறுத்துவிடுங்கள். அவர் வரிக்குப் பயப்படுகிறார் என்றால், ஆடிட்டரிடம் போய், வேறு வீடு வாங்கிக் கிடைக்கும் விலக்கை விசாரிக்கச் சொல்லுங்கள். உண்மை விலையைப் பதியும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 விழுக்காடு, உங்களுக்கு 60,000 ரூபாய், வரியாகப் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டியது வாங்குபவர் கடமை. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் இந்தக் கணக்கு பொருந்தாது, வரிப் பிடித்தம் பல மடங்கு கூடும். முன்பணம் கொடுக்கும் முன்பே அவர் எங்கே வசிக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை. தாயாரும் இரண்டு மகன்களும் விற்கிறார்கள். அக்காவுக்குச் சீர் செய்தாயிற்று, கையெழுத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். முன்பணம் கொடுக்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

கொடுக்காதீர்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. இறந்தவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. சீர் எவ்வளவு செய்திருந்தாலும் பங்கு போகாது. அக்கா கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்னதாகவே பதிந்து தந்திருக்க வேண்டும்.

இத்தகைய வீடுகளில் சிக்கல் ஒரே மாதிரிதான் வளர்கிறது. முதலில் அக்கா, ‘தம்பிகள் சொன்னால் சரி’ என்பார். வீடு எவ்வளவுக்குப் போகிறது என்பது உறவினர் யாராவது சொல்லித் தெரியவரும். தன்னிடம் சொல்லவில்லையே என்ற வருத்தம் அப்போது கிளம்பும். அதைப் பேராசை என்று தம்பிகள் சொல்வதுதான் பேச்சை முறித்துவிடுகிறது. முன்பணத்துக்கு முன்பே அக்காவை நேரில் பாருங்கள், விலையை அவர் காதில் நீங்களே போடுங்கள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாப் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒவ்வொருவர் பங்கையும் அவரவர் கணக்கிலேயே செலுத்துங்கள். மகன்களில் ஒருவர் காலமாகி அவர் பங்கு மைனர் குழந்தைக்கு வந்திருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தக் குழந்தையின் தாய் அதை விற்க முடியாது. விற்றால், குழந்தை பதினெட்டு வயதானபின் மூன்றாண்டுக்குள் அதை எதிர்க்கலாம்.

ஆடியில் வீடு பார்க்கலாமா?
— வாசகி, சேலம்

தாராளமாக. போட்டி குறைவு, விற்பவரும் இறங்கிப் பேசுவார். ஆடியில் பத்திரம் பார்ப்பது, நிலம் அளப்பது, கடன் விண்ணப்பம் எல்லாம் முடித்து ஆவணியில் பதியலாம். முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குப் பதிவு வரிசைக்கான டோக்கனை 100-லிருந்து 150 ஆக உயர்த்தி அரசு அறிவிப்பது வழக்கம். அன்று கூட்டமும் அப்படியே உயரும் என்பதால் முந்திக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள்.

விற்பவரின் வீட்டுக் கடன் இன்னும் 11 லட்சம் நிலுவை. பதிவு முடிந்து பத்து நாள் கழித்துக் காலி செய்கிறேன் என்றும் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகர், செங்கல்பட்டு

கடன் நிலுவை சாதாரண விஷயம். அவருடைய வங்கியிடம், இன்ன தேதி வரை கட்டினால் இவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்த 11 லட்சம் விற்பவர் கைக்குப் போகாமல் நேரே அவருடைய கடன் கணக்குக்கு வரைவோலையாகப் போகட்டும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் அடமானம் வில்லங்கச் சான்றில் பதிவாகியிருந்தால் கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீதுப் பத்திரமும் பதிய வேண்டும். பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று பலர் இதை விட்டுவிட்டு, அடுத்து விற்கும்போது பழைய வங்கிக் கிளையைத் தேடி அலைகிறார்கள்.

பத்து நாள் தங்குவதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஓரிரண்டு லட்சத்தைச் சாவி கைமாறும் நாளுக்கென்று நிறுத்திவைத்து, தேதியோடு இருவரும் தனித்தாளில் கையெழுத்திடுங்கள். மின்விசிறி, ஏசி, இன்வெர்ட்டர், மோட்டார், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் எது தங்கும், எது போகும் என்ற பட்டியலும் அதே தாளில் இருக்கட்டும். 60 லட்சம் பேசி முடித்தவர்கள் 4,000 ரூபாய் மின்விசிறிக்காகச் சாவி வாங்கும் நாளில் மனம் கசந்து நிற்பது இந்தப் பட்டியல் இல்லாததால்தான். சாவி வாங்கும்போது மின் மீட்டர் அளவைப் படமெடுத்து, அன்றுவரையான மின்கட்டணம், குடிநீர் வரி, சொத்துவரி ரசீதுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.