காசிமேடு மீன் அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றலாமா?

கேள்வி: மீன் வைக்க மைனஸ் 20 டிகிரி அறை ஒன்று நடத்துகிறேன். ஆர்-404ஏ என்ற குளிர்பதன கேஸில் ஓடும் மெஷின். வருடத்துக்கு இரண்டு தடவை கேஸ் அடிக்க வேண்டியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு மலிவு, சூழலுக்கும் நல்லது என்கிறார்கள். இதே மெஷினில் அதை ஏற்றலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: ஏற்றவே கூடாது, உயிருக்கு ஆபத்து. சூட்டை வெளியே தள்ளும் உங்கள் கண்டன்சர் பக்கம் அழுத்தம் வெயில் நாளில் 18 முதல் 22 பார் வரை போகும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). பைப்பும், திரவம் தேங்கும் தொட்டியான ரிசீவரும் அந்த அளவை ஒட்டிச் செய்யப்பட்டவை. கார்பன் டை ஆக்சைடோ 20 டிகிரியில் சும்மா நின்றாலே 57 பார். 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. சித்திரையில் நம் ஊரில் அந்தச் சூடு காலையிலேயே வந்துவிடும். அந்தச் சூட்டில் இந்தக் கேஸை ஓட்ட வேண்டுமானால் 90 பாருக்கு மேல் தாங்கும் கம்ப்ரசரும் பைப்பும் வேண்டும். கரண்டும் கூடுதலாக இழுக்கும்.

மாற்ற நினைப்பது சரிதான். 404ஏ ஒரு கிலோ கசிந்தால், 3,922 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். சூழலைச் சூடாக்கும் குளிர்பதன கேஸ்களைக் குறைக்கும் கிகாலி ஒப்பந்தத்தை 2021ல் ஏற்ற இந்தியா, இந்த வகை கேஸ்களின் பயன்பாட்டுக்கு 2028ல் உச்சவரம்பு கட்டி, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

நம் வெயிலுக்கு நான் சொல்வது கேஸ்கேட் முறை, அதாவது இரண்டு கேஸ் சுற்றுகளை ஒன்றின் மேல் ஒன்றாக இணைப்பது. கீழ்ச்சுற்றில் கார்பன் டை ஆக்சைடு அறையைக் குளிர்வித்து, நடுவிலுள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சரில் மைனஸ் 8 டிகிரியில், 28 பாரில் திரவமாகும். அந்தச் சூட்டை மேல்சுற்றின் அமோனியாவோ புரொப்பேனோ வெளியே தள்ளும். நாலைந்து அறை இருப்பவர்களுக்கு இது கட்டுபடியாகும். ஒரே அறைக்கு இறங்காதீர்கள். முதலில் கசிவைப் பிடியுங்கள். நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி ஃபிளேர் நட் (பைப்பை இணைக்கும் நட்), சர்வீஸ் வால்வ், கூலிங் காயிலின் வளைவுகளைப் பாருங்கள். உப்புக் காற்று முதலில் அரிப்பது அந்த வளைவுகளைத்தான். காயிலே அரித்திருந்தால் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். பெரிய வேலை எதையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். அறையில் சரக்கு குறைவாக இருக்கும்.

கேள்வி: எங்கள் கிடங்கில் கேஸ்கேட் போடப்போகிறார்கள். வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வெல்டிங்குக்கு விற்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை வாங்கிவிடாதீர்கள். அதில் ஈரம் இருந்தால் திரவத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், அமிலமாகி உள்ளே அரிக்கும். குளிர்பதனத்துக்கான உலர்ந்த கேஸ்தான் வேண்டும். பைப்பிலுள்ள காற்றை உறிஞ்சி வேக்கும் எடுத்ததும் நேராகத் திரவம் விட்டால், 5.2 பாருக்குக் கீழே அது ட்ரை ஐஸாகிப் பைப்பில் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். முதலில் ஆவியாக விட்டு 7 பார் தாண்டிய பிறகே திரவம். சேஃப்டி வால்வுக்குப் பின்னால் நீளமாகப் பைப் போடக் கூடாது என்பதும் இந்த ட்ரை ஐஸ் அடைப்பால்தான்.

திரவம் நிறைந்த பைப்பை இரு பக்கமும் மூடிவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 10 பார் ஏறும். கரண்ட் நின்றாலும் அழுத்தம் ஏறி, சேஃப்டி வால்வ் திறந்து கேஸ் போய்விடும். ரிசீவரைக் குளிர்விக்க ஜெனரேட்டரில் ஓடும் சின்ன யூனிட் ஒன்று அவசியம்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடுக்கு வாசனை கிடையாதே, கசிந்தால் எப்படித் தெரியும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: சென்சர் இல்லாமல் தெரியாது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில் மாட்டுங்கள். 5,000 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) அலாரம் அடிக்க வேண்டும். ஆக்சிஜன் மீட்டரை நம்பாதீர்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதமானால் தலை சுற்றி மூச்சு வாங்கும், ஆக்சிஜனோ 20.9லிருந்து 19.9க்குத்தான் இறங்கியிருக்கும். அலாரம் பெட்டி அறைக்கு வெளியே, கதவைத் திறக்கும் முன்பே கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.