கேள்வி – பதில்: மலையில் அணை, முகத்துவாரத்தில் மாற்றம்

கேள்வி: சம்பூரில் அமையவிருந்த அனல்மின் நிலையத்தை நாங்கள் எதிர்த்தோம்; 2016 இல் அது கைவிடப்பட்டது. நீர்மின்சாரத்தில் புகையுமில்லை, சாம்பலுமில்லை. அப்படியிருக்கப் பெரிய அணைகளையும் சூழலுக்குக் கேடு என்று சிலர் சொல்வது ஏன்? (வாசகர் ஒருவர், மூதூர்)

பதில்: புகை இல்லை என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் வெப்பவலயக் காட்டை மூழ்கடித்தால் அழுகும் மரங்களிலிருந்து, புவியைச் சூடாக்கும் மீதேன் வாயு வெளியேறும். பிரேசிலின் பல்பினா அணை வெறும் 250 மெகாவாட்டுக்காக 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டை மூழ்கடித்தது. நம்முடைய மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் ஆழமானவை, பரப்பில் சிறியவை. ஆகையால் அந்தக் குற்றச்சாட்டை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன்.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை; மண்ணையும் வண்டலையும் பருவத்துக்குப் பருவம் வரும் வெள்ளத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. 1985 க்கும் 1990 க்கும் இடையில் கொத்மலை, 122 மீற்றர் உயரமான விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என நான்கு அணைகள், நம் கரையில் கடலைச் சேரும் மகாவலி ஆற்றில் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கின. மேட்டு நிலத்தில் அரிக்கப்படும் மண்ணில் பெரும்பகுதி இன்று அவற்றின் அடியில் தங்கிவிடுகிறது. எகிப்தில் 1970 இல் நிறைவடைந்த அஸ்வான் உயர் அணை 1964 இல் நீரைத் தேக்கத் தொடங்கிய பின், நைல் முகத்துவாரக் கரையைக் கடல் அரித்ததும், வண்டலை நம்பியிருந்த வயல்களுக்கு உரம் வாங்க வேண்டியிருந்ததும், கடலோரச் சாளை மீன்பிடி சரிந்ததும் இதே காரணத்தால்தான். மனம்பிட்டிக்குக் கீழே ஆற்றோரத்தில் உள்ள வில்லுகள் என்னும் தாழ்நிலச் சதுப்புகள், கரைபுரளும் வெள்ளத்தால் நிரம்பி, நீர் வடிந்ததும் மாட்டுக்கும் யானைக்கும் புல் தருபவை. வெள்ளம் குறைந்தால் அவையும் சுருங்கும். மீன் குஞ்சு பொரிக்கும் இடமும் அந்த வில்லுகளே என்பதை ஆற்றில் வலை போடுபவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1976 இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்குச் சென்று, அம்பன் கங்கை வழியாகக் கந்தளாய்க் குளம் வரை வருகிறது. திருகோணமலையின் குடிநீரில் அதன் பங்கும் உண்டு.

கேள்வி: அணைக்காக இடம்பெயர்க்கப்பட்ட மக்கள் என்ன ஆனார்கள்? (வாசகி ஒருவர், திருகோணமலை)

பதில்: அணைகளுக்கான உலக ஆணைக்குழு 2000 இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் 4 முதல் 8 கோடிப் பேர் இடம்பெயர்ந்ததாக மதிப்பிட்டது. சீனாவின் முப்பள்ளத்தாக்கு அணைக்காக மட்டும் ஏறக்குறைய 13 இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். இங்கே பழைய தெல்தெனியா நகரம் விக்டோரியாவுக்கு அடியில் கிடக்கிறது. கொத்மலையில் நீர் வற்றும் ஆண்டுகளில் மூழ்கிய கடதொர விகாரையின் இடிபாடுகள் தலைகாட்டுகின்றன. மிளகும் கராம்பும் வைத்துக் குளிர்நிலத்தில் வாழ்ந்தவர்களில் பலர் உலர் வலயத்தில் நெல் விதைக்க அனுப்பப்பட்டு, முதல் ஆண்டுகளில் மலேரியாவோடும் போராடினார்கள். (அந்தக் குடியேற்றங்கள் கிழக்கில் எழுப்பிய அரசியல் வேறொரு இதழுக்கு உரியது.) நட்டஈடு காணி உறுதி உள்ள நிலத்துக்குக் கிடைக்கும், பிறர் நிலத்தை விளைச்சல் பங்குக்கு உழுதவருக்குக் கிடைப்பது அரிது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீன் குறைந்தவரோ பெரும்பாலும் பாதிக்கப்பட்டோர் பட்டியலிலேயே இருப்பதில்லை. இடம்பெயர்ந்தோர் தொகையை விட இந்த விடுபாடுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

கேள்வி: மார்கழி வெள்ளத்துக்கு வான்கதவைத் திறந்ததே காரணம் என்கிறார்களே? (வாசகர் ஒருவர், கிண்ணியா)

பதில்: பாதி உண்மை. சிறு வெள்ளத்தை அணை தாங்கிக்கொள்ளும். நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கும்போது வரும் பெருவெள்ளத்தை அது கீழே விட்டே ஆக வேண்டும். அணைக்குக் கீழே பெய்யும் மழையும் அம்பன் கங்கையின் நீரும் அதனோடு சேர்கின்றன. சிறு வெள்ளம் வராத ஆண்டுகளில் நாம் ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடு கட்டிவிடுகிறோம் என்பதும் உண்டு. கந்தளாய்க் குளம் மின் அணையன்று. ஆயினும் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அதன் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தது இம்மாவட்டம் அறிந்த செய்தி. கதவு எப்போது, எவ்வளவு திறக்கப்படுகிறது என்ற அறிவித்தல் தண்ணீர் வந்துசேரும் முன்பே தமிழில் வெருகலுக்கும் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் வர வேண்டும் என்று உங்கள் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.