பனி ஊருக்குக் குடிபோகலாமா? – கடிதம்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். நானும் சுங்கை சிப்புட்தான். உங்களிடம் படித்தவள் இல்லை, ஆனால் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோரும் உங்களை டீச்சர் என்றே சொல்வதால் நானும் அப்படியே அழைக்கிறேன்.

என் கணவர் டிராக்டர், எக்ஸ்கவேட்டர் பழுது பார்க்கும் பட்டறையில் மெக்கானிக். கனடாவில் தண்டர் பே என்ற ஊரில் இருந்து வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். வீடியோ நேர்காணல் முடிந்துவிட்டது. இரண்டு வருட பர்மிட் என்கிறார்கள். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, மகளுக்கு நான்கு வயது. நான் பாலர் பள்ளியில் உதவியாசிரியை.

அங்கே மைனஸ் முப்பது வரை போகுமாம். யூடியூபில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பிள்ளைகள் தாங்குவார்களா? உடுப்பெல்லாம் இங்கேயே வாங்கிவிட வேண்டுமா? வீட்டுக்குள்ளும் குளிருமா? என் மாமியார், "அவன் மட்டும் போய் ஒரு வருஷம் இருந்து பார்க்கட்டும், நீங்கள் பிறகு போகலாம்" என்கிறார். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவரை இங்கே விட்டுவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் வேலைக் கடிதம், பர்மிட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 12,000 மலேசிய வெள்ளி கேட்கிறார். உங்கள் மகள் அதே ஊரில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நாங்கள் போகலாமா டீச்சர்?

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள தங்கைக்கு,

பனியைப் பற்றி மூன்று கேள்வி, மாமியாரைப் பற்றி ஒன்று, ஏஜெண்டைப் பற்றி ஒன்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "நான் பாலர் பள்ளியில் உதவியாசிரியை" என்ற ஒரே வரியோடு உங்கள் கதை முடிந்துவிட்டது. அங்கே போனால் நீங்கள் வேலைக்குப் போக முடியுமா? என்னைக் கேட்டால் போகலாமா வேண்டாமா என்பது இதில்தான் இருக்கிறது. ஆனால் குளிரைப் பேசி முடிக்காமல் நீங்கள் மற்றதைக் கவனிக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தண்டர் பே, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். போர்ட் ஆர்தர், ஃபோர்ட் வில்லியம் என்ற இரண்டு ஊர்களை 1970இல் ஒன்றாக்கினார்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. டொராண்டோவும் அதே ஒன்டாரியோ மாநிலம்தான், ஆனால் காரில் போனால் 1,400 கிலோமீட்டர். டொராண்டோவில் தமிழ்க்கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால் இந்தத் தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி இரவில் மைனஸ் 20 அங்கே சாதாரணம். மைனஸ் 30 சில நாட்கள் வரும்.

வீட்டுக்குள் குளிராது. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், குழாயில் வெந்நீர் வரும். என் மருமகன் ஜனவரியில் வீட்டுக்குள் அரைக்கால் சட்டையோடுதான் திரிவார். படுத்துவது குளிர் அல்ல, வறட்சி. ஹீட்டர் காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் போய்விடும். பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும், நமக்குக் குதிகால் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பதால், சூடான வீட்டுக்குள்ளும் குளிர்காலம் முழுக்கக் கட்டியாகத்தான் இருக்கும். காற்றில் ஈரம் சேர்க்கும் மெஷின் ஒன்றை வந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

உடுப்பை இங்கே வாங்காதீர்கள். கோலாலம்பூரில் 'வின்டர்' கடைகளில் விற்பதெல்லாம் கொரியாவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு. அங்கே போய் வாங்குங்கள், அதுவும் பிள்ளைகளுக்குப் பழைய துணிக்கடையில். வருடத்துக்கு வருடம் வளர்கிற பிள்ளைகள், அதனால் பனிக் கால்சட்டையும் பூட்ஸும் நல்ல நிலையிலேயே கிடைக்கும். உடம்பை ஒட்டிப் போடுவது பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்த்தால் காயாது, அந்த ஈரமே குளிரை உள்ளே கொண்டுவரும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையை விட, விரல்களைச் சேர்த்து மூடும் உறைதான் சூடு. காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கலாம் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. பள்ளிகளும் அதைக் கவனித்துத்தான் பிள்ளைகளை ஓய்வு நேரத்தில் வெளியே விடுகின்றன. ஆமாம், பனியில்தான் விளையாட விடுவார்கள். உங்கள் மகன் இரண்டே வாரத்தில் உள்ளே வரமாட்டேன் என்பான். எல்லா ஊரிலும் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

காருக்கும் குளிர் பார்க்க வேண்டும். எஞ்சினைச் சூடாக வைக்க முன்பக்கத்தில் ஒரு ஒயர் தொங்கும், இரவில் அதை கரண்டில் செருக வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரு நாள் பாடம். எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது இருட்டுதான். டிசம்பரில் பொழுது விடிய ஒன்பது மணி நெருங்கிவிடும், மாலை ஐந்துக்கெல்லாம் அடைந்துவிடும். அந்த ஊர் தன் நேர மண்டலத்தின் மேற்குக் கோடியில் இருப்பதால் காலை இன்னும் தள்ளிப்போகிறது. நமக்கு இது ஒன்றும் புதிதில்லை, தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982இல் அரை மணி முன்னே தள்ளிவைத்ததிலிருந்து நாமும் இருட்டில்தானே பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிறோம்! ஆனாலும் ஒரு முழு நாளும் இருட்டாகவே கழிந்ததுபோல் ஆகிவிடும் அந்த உணர்வு வேறு. அதைவிட மோசம் ஏப்ரல். காலண்டரில் வசந்தம் வந்திருக்கும், தெருவில் கறுத்துப்போன பனி இன்னும் கிடக்கும்.

சரி, குளிர் இவ்வளவுதான். காசும் பழக்கமும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

இனி உங்கள் விஷயம். நம் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் இருந்து வெளியேறிய குடும்பங்களை வகுப்பறையில் இருந்து பார்த்தவள் நான். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், சில இடங்களை வீடமைப்புக்கு விற்றார்கள், லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். வந்தவர்களில் சிலர் நிமிர்ந்தார்கள், சிலர் சிதறிப்போனார்கள். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

தோட்டத்தில் அம்மா விடியற்காலையிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்விடுவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும், பெரியவன் நடக்கிற தூரத்துத் தமிழ்ப்பள்ளியில். கூலி கொஞ்சம்தான், ஆனால் இரண்டு பேர் கூலி. தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை, கொட்டகையில் பிள்ளைகள் எப்படிக் கிடந்தார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் பிள்ளையைப் பார்க்க ஒரு இடம் இருந்தது, அதனால் அம்மா வேலைக்குப் போனாள். பட்டணம் வந்ததும் அப்பாவுக்கு லோரியிலோ ஃபேக்டரியிலோ வேலை கிடைத்தது, தோட்டத்தைவிடக் கூடுதல் சம்பளமும் கிடைத்தது. அம்மா மட்டும் நாலு சுவருக்குள் நின்றுவிட்டாள். பிள்ளையை யாரிடம் விடுவது? ஒரு சம்பளத்தில் வாடகை, பஸ், மளிகை. பேச்சுத்துணைக்கு லயத்து ஆள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள். பாட்டியோ அத்தையோ கூட இருந்து, அம்மாவும் வேலைக்குப் போன வீடுகள் தப்பித்தன.

அதனால்தான் உங்களிடம் பர்மிட்டைப் பற்றிக் கேட்கிறேன். வெளிநாட்டுத் தொழிலாளியின் மனைவிக்குத் தரும், எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கவிடும் திறந்த வேலை பர்மிட்டை 2025 ஜனவரி 21 முதல் கனடா இறுக்கிவிட்டது. உயர்தொழில்களில் இருப்பவர்களின் துணைக்குக் கிடைக்கும். அதற்கு அடுத்த நிலைத் தொழில்களில், ஆள் பற்றாக்குறை என்று பட்டியலிட்ட சிலவற்றுக்கு மட்டும் உண்டு. இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: நீங்கள் விண்ணப்பிக்கும்போது கணவரின் பர்மிட்டில் குறைந்தது 16 மாதமாவது மீதி இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மாமியாரின் யோசனையைப் பாருங்கள். இரண்டு வருட பர்மிட்டில் உங்கள் கணவர் ஒரு வருடம் தனியாக இருந்தால் மீதி 12 மாதம். நீங்கள் போய்ச் சேரும்போது வேலை பர்மிட் கேட்கவே முடியாது, புதுப்பித்தால் ஒழிய. பெரியவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த ஆண்களும் தனியாக வந்து பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இந்தச் சட்டத்துக்கு அந்த வழி ஒத்துவராது. போவதென்றால் ஒன்றாகப் போங்கள், விண்ணப்பத்தையும் ஒன்றாகப் போடுங்கள்.

ஆயாக் கொட்டகை வேலையை அங்கே பள்ளிக்கூடமே பாதி செய்துவிடும். ஒன்டாரியோவில் ஒரு பிள்ளைக்கு நான்கு வயது நிறையும் அதே வருட செப்டம்பரில் அரசுப் பள்ளியின் பாலர் வகுப்பில் சேர்க்கலாம். முழு நாள் வகுப்பு, கட்டணம் இல்லை. உங்கள் மகள் நேராக அங்கே போய்விடுவாள். பிள்ளை பராமரிப்பு நிலையங்களில் உதவியாளர் வேலை உங்களுக்குப் பழக்கமான வேலைதானே. பிள்ளைகளோடு வேலை செய்ய மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், அதையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபரில் இருந்து மணிக்கு 17.60 டாலர். இதை வெள்ளியாகப் பெருக்கிப் பார்த்து மயங்க வேண்டாம், வாடகையும் டாலரில்தான். ஒரு சம்பளத்தில் நால்வர் இழுத்துக்கொண்டு போகலாம், சேமிக்க முடியாது. அங்கே அரசு தரும் பிள்ளைகள் உதவித்தொகையும் தற்காலிக பர்மிட்டில் இருப்பவர்களுக்கு 18 மாதம் அந்த நாட்டில் இருந்த பிறகுதான். இங்கே இருக்கும் இபிஎஃப் சேமநிதிப் பணத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லி அதை எடுக்க வேண்டுமானால் குடியுரிமையையே துறக்க வேண்டும்.

ஏஜெண்டுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு ஆளை எடுக்க அனுமதி கேட்கும் 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வாங்குவது சட்டப்படி குற்றம். நேர்காணலை உங்கள் வீட்டுக்காரரே முடித்துவிட்டார், பிறகு அந்த ஏஜெண்ட் எந்த வேலைக் கடிதத்தை விற்கிறார்? ஆலோசகர் வேண்டுமென்றால் கனடா உரிமம் உள்ளவராகப் பாருங்கள், பெயரை இணையத்தில் சரிபார்க்கலாம்.

மகனின் தமிழ் போய்விடும் என்று பயப்படுவீர்கள். எழுத்து போய்விடும், பேச்சு நீங்கள் விட்டால்தான் போகும். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பாடநூல்களைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாரை இப்போதைக்கு விசிட்டர் விசாவில் கூப்பிடலாம், வழக்கமாக ஆறு மாதம் இருக்க விடுவார்கள். ஜூனில் வரச் சொல்லுங்கள். ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்க விடும் சூப்பர் விசாவுக்கு நீங்களோ கணவரோ நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) வாங்கியிருக்க வேண்டும், ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். அதுவரை அவரைப் பார்த்துக்கொள்ள இங்கே யார் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

என் பதில்: உங்களுக்கும் வேலை செய்ய அனுமதி கிடைக்கும் என்றால் போங்கள், ஜூலையிலோ ஆகஸ்டிலோ போய் இறங்குங்கள். செப்டம்பரில் பள்ளி திறக்கும், முதல் பனிக்கு முன்னால் தெருவும் கடையும் பழகிவிடும். கிடைக்காது என்றால் குடும்பமாகப் போகாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு வருடம் உழைத்துவிட்டு வரட்டும், ஆனால் அது சம்பாத்தியம், அதைக் குடிபோவது என்று நினைத்துக்கொண்டு இங்கே வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.

வேலைக் கடிதத்தில் தொழிலுக்கு ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதில் இரண்டாவது இலக்கம்தான் தொழிலின் நிலை. கனரக இயந்திர மெக்கானிக்குக்கு 72401, அதாவது இரண்டாம் நிலை. ஆகவே அந்தப் பற்றாக்குறைப் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பிறகு முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி இரண்டு விஷயம் கேளுங்கள்: பர்மிட் சரியாக எத்தனை மாதம்? சிற்றூர்களுக்கென்று 2025இல் கனடா தொடங்கிய நிரந்தரக் குடியேற்றத் திட்டத்தில் தண்டர் பேயும் ஒன்று, அதில் அவர்கள் பதிவு பெற்ற முதலாளியா? போனில் சொல்வதை ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மகளிடமும் காட்டிக் கேட்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்