சைவக் குழந்தைக்குப் புரதம் போதுமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது, எடை 18 கிலோ. முட்டையும் சாப்பிடமாட்டாள். புரதம் போதுமா?

போதும். கிலோவுக்குச் சுமார் 1 கிராம் என்று வையுங்கள். நாளுக்கு 18 கிராம். சமைக்காத 30 கிராம் பருப்பில் 7 கிராம் புரதம், 40 கிராம் தெம்பேயில் (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி) 7, 200 மி.லி. பசும்பாலில் 6. சோறு, சப்பாத்தியிலும் கொஞ்சம் சேரும்.

குறை பெரும்பாலும் சாம்பாரில்தான். தண்ணியாக வைத்து மேலாக ஊற்றினால் பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டிப் பருப்புகூட விழாது. அவளுக்கு மட்டும் அடியிலிருந்து கெட்டியாக எடுத்து, மசித்து, நெய் விட்டுப் பிசையுங்கள்.

பாசாரில் (சந்தையில்) வாங்கும் தெம்பே வெள்ளையாக, இறுக்கமாக இருக்கணும். கரும்புள்ளி பரவாயில்லை, பிசுபிசுப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் வேண்டாம். மொறுமொறுவென்று பொரித்தால் சின்னப் பல்லுக்குக் கடினம். விரல் நுனி அளவு நறுக்கி, 10 நிமிடம் ஆவியில் வைத்து, மஞ்சள், உப்போடு லேசாகப் பிரட்டுங்கள்.

டின் பால் கலந்த தேத்தண்ணியைப் பால் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் சீனிதான் அதிகம், சாப்பாட்டுக்கு முன் குடித்தால் பசியும் அடங்கிவிடும். பாலையும் தயிரையும் நிறுத்தினால் வைட்டமின் பி12 கிடைக்காது, தெம்பேயை அதற்கு நம்பமுடியாது. அப்போது மருத்துவரிடம் கேட்டு பி12 மருந்து கொடுங்கள்.