மட்டக்களப்பு வாகரைப் பழங்குடிக் குடும்பங்களுக்கு வங்கியும் கடனும் விளங்க வைக்க எங்கிருந்து தொடங்கலாம்?

சேமிப்பின் அருமையைச் சொல்லும் கூட்டத்தில் தொடங்காதீர்கள். கடதாசியில் தொடங்குங்கள். வாகரைக் கரையோர வேடர் ஊர்களுக்கும் அம்பாறை அளிக்கம்பையின் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் இதே வரிசைதான்.

அடையாள அட்டை இல்லாத பெரியவர்கள் யாரென்று கிராம சேவகருடன் வீடு வீடாகப் பாருங்கள். பிறப்புப் பதிவே இல்லாதவருக்குப் பிரதேச செயலகத்தில் முதலில் தேடுதல் விண்ணப்பம். பதிவு இல்லையென்று வந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ், அதை வைத்து அடையாள அட்டை. படிவத்தைக் கையளிக்குமுன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துச் சரிபாருங்கள். அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி இருந்தால் அரசின் அஸ்வெசும உதவிக் காசு இழுபடும்.

எழுதத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைத்தே கணக்குத் திறக்கலாம். பாஸ் புத்தகக் கணக்கே நல்லது. ஏ.டி.எம். அட்டை என்றால் இரகசிய (PIN) இலக்கத்தோடு கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும் அபாயம் உண்டு. தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கைத் தபாலகத்திலும் நடத்தலாம், பஸ் காசு மிச்சம்.

கூடுதல் நேரம் கொடுக்க வேண்டியது நுண்கடனுக்கு. ரூ. 50,000 கடன், வருட வட்டி 28%, கிழமைக்கு ரூ. 1,231 வீதம் 52 கிழமை என்று வைப்போம். கட்டுவது சுமார் ரூ. 64,000. பாயில் 52 புளியங்கொட்டை பரப்பி, கிழமைக்கு ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். 26 எடுத்ததும் கேளுங்கள்: "வாங்கின 50,000இல் இன்னும் எவ்வளவு உங்கட கையில?" பாதிதான். வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 50,000க்கும் போகிறது. அதனால் உண்மை வட்டி வருடத்துக்கு 50% அளவில் நிற்கும். ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழித்தால் இன்னும் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைப் பிடித்துக்கொள்வார்கள், அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பதுதான் பெரிய பிழை.

அடுத்தது தவணை. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், வலை வீச முடியாது, கூலி வேலையும் குறையும். கிழமைத் தவணை மட்டும் நிற்காது. அதைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதில்தான் குடும்பங்கள் மாட்டுகின்றன. பெரும்போக அறுவடைக் கூலி வரும் மாசி, பங்குனியில் கூடுதலாகக் கட்டும் ஏற்பாட்டைக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். மத்திய வங்கியிடம் அனுமதி பெற்ற நிறுவனம் என்றால் முறைப்பாட்டுக்கு 1935 என்ற இலக்கம் உண்டு. பேசும்போது அந்தச் சீட்டுகள் கையில் இருக்கட்டும்.