பூட்டுக்குள் வழிந்த எபாக்சியை எடுப்பது

கானாடுகாத்தான் வீட்டில் வளவு அறைக் கதவின் இரும்புப் பூட்டு ஆடியதால் திருகாணி ஓட்டைகளில் எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்தால் கல்லாக இறுகும் பசை) வைத்தீர்கள், அது வழிந்து பூட்டின் நாக்கில் இறுகிவிட்டது, சாவி பாதிதான் திரும்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சாவியை முறுக்குவதை நிறுத்துங்கள். ஐயா காலத்துச் சாவி ஒடிந்துவிட்டால் அதுதான் பெரிய நஷ்டம்.

இறுகிய எபாக்சி எதிலும் லேசில் கரையாது, ஆனால் சூட்டுக்கு இளகும். சால்டரிங் அயர்னின் முனையைத் திருகாணித் தலையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சூடு உள்ளே இறங்கியதும் திருகாணி சுழன்று வரும்.

கழற்றிய பூட்டைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். நேரடியாக நெருப்பில் காட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும், புகையும் நல்லதல்ல. எடுத்த சூட்டோடு பித்தளைத் தகட்டால் சுரண்டுங்கள். பித்தளை இரும்பைவிட மென்மையானது, கீறாது. எபாக்சி தோல் மாதிரி உரிந்து வரும். ஆறினால் திரும்பக் கல்லாகிவிடும், மறுபடி வெந்நீரில் போட வேண்டியதுதான். எங்கள் வீட்டுப் பூட்டுக்கு நாலு தடவை ஆனது. அப்புறம் நன்றாக உலர்த்தி உடனே எண்ணெய் விடுங்கள்.

எபாக்சியைக் கரைக்கலாம் என்று அசிட்டோனைக் (நகப்பூச்சு அழிக்கும் திரவம்) கதவுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பர்மாத் தேக்கின் பாலிஷ் போய்விடும்.

ஓட்டைகளில் மறுபடி எபாக்சி வைத்துத் திரும்ப மாட்டும்போது பூட்டிலும் திருகாணியிலும் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். எபாக்சி மரத்தை மட்டும் பிடிக்கும்.